பட்டம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது? நாமே அளந்து பார்க்கலாம்

பட்டம் விடும் பையன்களைக் கேட்டால் "அண்ணா, முந்நூறு அடிக்கு மேல போயிருக்கும்" என்பார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, பம்பால் காற்றடைத்துக் கிளப்பும் தண்ணீர் ராக்கெட்டை விட்ட பிள்ளைகளைக் கேட்டால் "தென்னை மரத்தைப் போல நாலு மடங்கு" என்பார்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல்முறை கோணம் வைத்து அளந்த அன்று, 100 மீட்டர் இருக்கும் என்று நான் நினைத்த பட்டம் 60 மீட்டரில்தான் நின்றது. வெட்டவெளி வானத்தில் ஒப்பிட்டுப் பார்க்க மரமோ கட்டடமோ கிடையாது. அதனால் கண் சொல்வதை நம்ப முடியாது.

அளப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் கோணமானி, ஒரு நீளமான டேப், பத்தாம் வகுப்பில் படித்த 'உயரங்களும் தூரங்களும்' கணக்கு, இவ்வளவு போதும். கொஞ்சம் பழகிய பிறகு காற்றழுத்த சென்சாருக்குப் போகலாம். இந்தக் கட்டுரையில் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அளக்கும் முன் ஒரு கேள்வி: எதிலிருந்து உயரம்?

புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகிற இடம் இதுதான். பறக்கும் பொருளுக்கு உயரம் ஒன்று இல்லை, மூன்று. அதற்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து ஒன்று. நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து இன்னொன்று. கடல் மட்டத்திலிருந்து மூன்றாவது. மெரினா மணலில் நின்று பட்டம் விட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கொடைக்கானலில் ஒரு பாறை விளிம்பில் நின்று ட்ரோனைக் கிளப்பி, ஏற்றாமல் இறக்காமல் நேரே முன்னால் ஓட்டிப் பாருங்கள். திரையில் உயரம் சில மீட்டர் என்றே நிற்கும். கீழே பள்ளத்தாக்கு பல நூறு மீட்டர் இறங்கியிருக்கும். கடல் மட்டக் கணக்கிலோ அது 2,000 மீட்டருக்கு மேல். மூன்றும் உண்மைதான். ஆகவே குறிப்பேட்டில் எண்ணை எழுதும் முன் "எதிலிருந்து" என்பதை எழுதிவிடுங்கள். நம் கணக்கில் எப்போதும் கிளப்பிய இடத்துத் தரையிலிருந்துதான்.

கோணம் பார்க்கும் கருவி

அரைவட்டக் கோணமானி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நேர் விளிம்பை ஒட்டி ஒரு ஸ்ட்ராவை செல்லோடேப் போட்டு ஒட்டுங்கள். விளிம்பின் நடுவில் உள்ள சிறு துளையில் ஒரு நூலைக் கட்டி, அதன் நுனியில் ஒரு இரும்பு நட்டைத் தொங்கவிடுங்கள். சின்ன நட்டு காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். சைக்கிள் கடையில் கிடைக்கும் கனமான நட்டாகப் பாருங்கள். ஸ்ட்ரா மேல் பக்கம், வளைவு கீழ்ப் பக்கம். அவ்வளவுதான் கருவி.

ஸ்ட்ராவைத் தரைக்குச் சமமாகப் பிடித்தால் நூல் 90-இல் நிற்கும். தலைக்கு நேர் மேலே பார்த்தால் 0-வுக்கு வந்துவிடும். அதனால் 90-இலிருந்து நூல் காட்டும் எண்ணைக் கழித்தால் வருவதுதான் ஏற்றக்கோணம். கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் இருக்கும். 90-ஐ விடச் சிறியதாக இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரா வழியாக ஒருவர் பட்டத்தைப் பார்க்க, பக்கத்தில் நிற்கும் இன்னொருவர் எண்ணைப் படிப்பதே நல்லது. தனியாக இருந்தால், நூல் அசையாமல் நின்றதும் விரலால் கோணமானியோடு சேர்த்து அழுத்திப் பிடித்து, இறக்கிப் பார்த்துப் படியுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஸ்ட்ராவைத் திருப்பவே கூடாது. பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

போனில் சாய்வு காட்டும் செயலிகளும் உண்டு. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனாலும் முதல் சில நாட்கள் நூலும் நட்டும் வைத்துப் பாருங்கள் என்பேன். கோணம் எங்கே தவறுகிறது என்பது அப்போதுதான் கைக்குப் புரியும்.

ஒருவர் நின்று அளப்பது

தண்ணீர் ராக்கெட்டில் ஆரம்பிப்போம், ஏனென்றால் அது ஏறக்குறைய நேர் மேலே போகிறது. ராக்கெட் கிளம்பும் இடத்திலிருந்து 60 மீட்டர் டேப்பால் அளந்து அங்கே நில்லுங்கள். காலடி எண்ணி அளப்பதை ஏற்காதீர்கள். அதில் 5 மீட்டர் போனால் உயரத்திலும் அதே விகிதத்தில் பிழை வந்து உட்காரும். ராக்கெட் உச்சிக்குப் போய் ஒரு கணம் தயங்கும். அந்தக் கணத்தில் நூலை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

நூல் 52 காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றக்கோணம் 90 − 52 = 38 டிகிரி. டேன் 38 என்பது 0.781. 60 × 0.781 = 46.9 மீட்டர். இது உங்கள் கண்ணுக்கு மேலே உள்ள உயரம். தரையிலிருந்து கண் 1.5 மீட்டர் என்றால் அதையும் கூட்டுங்கள்: 48.4. இங்கேதான் நிறைய பேர் 48.4 என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கையில் பிடித்த கோணமானியில் ஒரு டிகிரி இப்படி அப்படிப் போவது சாதாரணம். 37 என்றால் 45.2, 39 என்றால் 48.6, கண் உயரம் கூட்டாமலே. அதாவது நம் அளவு 'சுமார் 48 மீட்டர், 2 மீட்டர் கூடலாம், குறையலாம்' என்பதுதான். புள்ளிக்குப் பின்னால் உள்ள 4-க்கு இங்கே அர்த்தமே இல்லை.

கையில் வைத்துக்கொள்ளச் சில டேன் மதிப்புகள்: 20 டிகிரிக்கு 0.36, 30-க்கு 0.58, 35-க்கு 0.70, 40-க்கு 0.84, 45-க்கு 1, 50-க்கு 1.19, 55-க்கு 1.43, 60-க்கு 1.73, 70-க்கு 2.75. போன் கால்குலேட்டரில் போடுவதென்றால் முதலில் டேன் 45 போட்டுப் பாருங்கள். 1 வர வேண்டும். 1.62 என்று வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள்.

எவ்வளவு தள்ளி நிற்பது? கோணம் 45-ஐ ஒட்டி வரும்படி நில்லுங்கள். 45 டிகிரியில் ஒரு டிகிரி பிழை உயரத்தில் 3.5 சதவீதம்தான். 75-இல் அது 7 சதவீதம், 80-இல் 10 சதவீதம். கிட்ட நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், கணக்கும் கெடும். ராக்கெட் சுமார் 50 மீட்டர் போகும் என்று நினைத்தால் நீங்களும் சுமார் 50 மீட்டர் தள்ளி இருங்கள்.

அப்புறம் காற்று. ராக்கெட் நேர் மேலே போகாமல் காற்றோடு சாயும். அது உங்களை நோக்கி 6 மீட்டர் சாய்ந்தால், 60 மீட்டர் தூரம் உண்மையில் 54 ஆகிவிடுகிறது. நீங்களோ 60 என்றே பெருக்குகிறீர்கள்; 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வரும். இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நில்லுங்கள். காற்று மேற்கிலிருந்து வந்தால் ராக்கெட்டுக்கு வடக்கிலோ தெற்கிலோ நிற்பது. அதே 6 மீட்டர் பக்கவாட்டில் சாய்ந்தால், உங்களுக்கும் அதற்கும் இடையே உள்ள தரைத் தூரம் 60-இலிருந்து 60.3 ஆகிறது, அவ்வளவுதான். அரை சதவீதப் பிழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு பேர் நின்று அளப்பது

பட்டத்துக்கு மேலே சொன்ன வழி சரிவராது. அதற்கு நேர் கீழே தரையில் எந்த இடம் என்பது தெரியாதே. ஒருவரை நடக்கவிட்டு, பட்டம் அவர் தலைக்கு நேர் மேலே வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நிற்பது இன்னும் நல்லது.

பட்டம் விடுபவர் பக்கத்தில் ஒருவர். பட்டத்தைத் தாண்டி, காற்று போகும் பக்கம் இன்னொருவர். இரண்டு பேரும் பட்டமும் ஒரே கோட்டில் வர வேண்டும். நூல் போகும் திசையே அந்தக் கோடு. இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பிறகு ஒருவர் "இப்போ!" என்று கத்தியதும் இருவரும் ஒரே நேரத்தில் கோணத்தைப் பிடியுங்கள்.

கணக்கு இப்படி: ஒவ்வொருவரின் டேன் மதிப்பாலும் 1-ஐ வகுத்து, வரும் இரண்டு எண்களையும் கூட்டுங்கள். நடுவில் உள்ள தூரத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுங்கள். தூரம் 80 மீட்டர், கோணங்கள் 50, 62 என்றால்: 1 ÷ 1.192 = 0.839, 1 ÷ 1.881 = 0.532, கூட்டினால் 1.371, 80 ÷ 1.371 = 58.4. கண் உயரம் சேர்த்தால் சுமார் 60 மீட்டர். பட்டம் இருவருக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் இந்தக் கணக்கு செல்லும். இதே முறையை ராக்கெட்டுக்கும் பயன்படுத்தினால், அந்தக் கோட்டின் திசையில் வரும் சாய்வுப் பிழை தானாகவே அடிபட்டுப் போகும்.

1802-இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கியபோது செய்ததும் இதன் அண்ணன்தான். சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் மிகக் கவனமாக அளந்தார். பிறகு கோணங்களை வைத்தே நாட்டை அளந்துகொண்டு போனார்கள். அடிக்கோடு தவறினால் அதன்மேல் கட்டிய எல்லாமே தவறும் என்று அவருக்குத் தெரியும். நம் 80 மீட்டருக்கும் அதே விதிதான். டேப்பைத் தளர விடாமல் இழுத்துப் பிடித்து, இரண்டு முறை அளந்துவிடுங்கள்.

நூலின் நீளத்தைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்

விடும் முன்பே நூலில் 10 மீட்டருக்கு ஒரு மை அடையாளம் போட்டு வையுங்கள். 100 மீட்டர் விட்டு, பட்டம் 45 டிகிரியில் தெரிந்தால், சைன் 45 என்ற 0.707-ஆல் பெருக்கினால் 70.7 மீட்டர். ஆனால் இது உயரம் இல்லை, உயரத்தின் உச்சவரம்பு. நூல் தன் எடையாலும் காற்றாலும் தொய்ந்து வளைகிறது. நேர்கோட்டுத் தூரம் 100-க்குக் குறைவுதான். எனவே இரண்டு பேர் நின்று கோணம் பிடித்து வந்த விடை இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக வந்தால் எங்கோ தப்பு, கோணத்தை மறுபடி பாருங்கள். இந்த ஒரு சோதனை என் பல கணக்குகளைக் காப்பாற்றியிருக்கிறது.

சாதாரணப் பருத்தி நூல்தான். மாஞ்சா போட்ட நூல் கழுத்தை அறுக்கும், அதைத் தொடவே வேண்டாம். மின்கம்பி, விமான நிலையம் இரண்டின் பக்கமும் போகாதீர்கள். தைப்பொங்கல் அன்று இலங்கையின் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பிரமாண்டமான பட்டங்கள் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, திறந்த கடற்கரை ஏன் இதற்குச் சிறந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

டேப்போ கோணமானியோ கையில் இல்லாத நாளில் ராக்கெட்டுக்கு ஒரு குறுக்குவழி: பாரசூட் இல்லாமல் விழுகிறதென்றால், உச்சியிலிருந்து தரைக்கு வரும் நேரத்தை ஸ்டாப்வாட்சில் பிடியுங்கள். அந்த நொடிகளை அதே எண்ணால் பெருக்கி, 4.9-ஆல் பெருக்குங்கள். 3 நொடி என்றால் 44 மீட்டர். காற்றின் தடையால் விழுவது தாமதமாகிறது. அதனால் இதுவும் உச்சவரம்புதான்.

காற்றழுத்தம் வைத்து அளப்பது

மேலே போகப் போக நம் தலைக்கு மேல் உள்ள காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. விமானத்தின் ஆல்டிமீட்டரும் ட்ரோனும் மலையேறுபவர்களின் கைக்கடிகாரமும் இதை வைத்துத்தான் உயரம் சொல்கின்றன. பிஎம்பி280 என்ற சின்ன சென்சார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு சின்ன ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் மின்னணுப் பலகை), பேட்டரி, பதிவு செய்ய மெமரி கார்டு சேர்த்தால் ராக்கெட்டின் மூக்கில் வைத்து அனுப்பலாம். சில போன்களிலும் அழுத்த சென்சார் உண்டு; பெரிய பட்டத்தில் கட்டி அனுப்பும் ஆசை வரும், போன் உங்களுடையது, யோசித்துச் செய்யுங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான நிரல்கள் வெப்பநிலை கடல் மட்டத்தில் 15 டிகிரி, அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று எடுத்துக்கொள்கின்றன. அது உலகப் பொது அளவு. சென்னையில் 15 டிகிரி எங்கே இருக்கிறது? சூடான காற்று விரிந்து லேசாக இருப்பதால், அதே அழுத்த மாற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏற வேண்டும். 15 டிகிரியில் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவதற்கு சுமார் 8.4 மீட்டர் என்றால், 30 டிகிரியில் சுமார் 8.8 மீட்டர். தரையில் 1008.0, உச்சியில் 1003.2 என்று வந்தால் வித்தியாசம் 4.8. அதை 8.8-ஆல் பெருக்கினால் 42 மீட்டர். நிரலின் பொது அளவு 40 என்று சொல்லியிருக்கும். அதனால் நிரல் தரும் 'உயரம்' எண்ணை விட்டுவிட்டு, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அப்படியே பதிவு செய்து, வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது. காலை 10 மணியை ஒட்டி உச்சம், மாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. வித்தியாசம் சுமார் 3 ஹெக்டோபாஸ்கல். அதாவது மேசைமேல் சும்மா கிடக்கும் சென்சார் பகலில் 25 மீட்டர் 'பறந்திருக்கும்'. காலையில் தரை அழுத்தத்தைக் குறித்துவிட்டு மாலைவரை அதையே வைத்துக் கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன் ஒரு நிமிடம், இறங்கிய பின் ஒரு நிமிடம் தரை அழுத்தத்தைப் பதிந்து, இரண்டின் சராசரியைத் தரையாக வையுங்கள்.

சென்சாரைப் பெட்டிக்குள் அடைத்தால் வெளிக்காற்றின் அழுத்தம் அதற்குத் தெரியாது. திறந்து வைத்தால் எதிர்க்காற்று மோதி அழுத்தம் கூடிக் காட்டும். ராக்கெட்டின் பக்கச் சுவரில், மூக்கிலிருந்து தள்ளி, சுற்றிலும் சம இடைவெளியில் மூன்று சிறு துளைகள் போடுங்கள். சென்சாரின்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் வெயிலும் காற்றும் நேராகப் படாது. அனுப்பும் முன் மாடிப்படியில் சோதியுங்கள்: ஒரு படியின் உயரத்தை ஸ்கேலில் அளந்து, படிகளை எண்ணிப் பெருக்கினால் மாடியின் உயரம் கிடைக்கும். சென்சார் அதோடு ஒரு மீட்டருக்குள் ஒத்துப்போனால் திருப்திப்படலாம்.

ஜிபிஎஸ்

தூரத்துக்கு நல்லது, உயரத்துக்குச் சுமார். செயற்கைக்கோள்கள் எல்லாமே தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் மேல்-கீழ்ப் பிழை எப்போதும் பக்கவாட்டுப் பிழையைவிட அதிகம். 50 மீட்டர் ராக்கெட்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

மெரினாவில் நின்று பார்த்தால் சில செயலிகள் உயரத்தை மைனஸ் 80-க்கும் கீழே காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் பூமியை ஒரு வழுவழுப்பான நீள்வட்டக் கோளமாக வைத்து அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்கேற்ப மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே அந்தப் பள்ளம் மிக ஆழமாக இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சுமார் 106 மீட்டர். நாம் இருப்பது அதன் சரிவில். சில செயலிகள் இந்த வித்தியாசத்தைத் திருத்திக் காட்டும், சில காட்டாது.

ட்ரோன் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் அனுமதியின்றிப் பறக்கக்கூடியது 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். திரையில் தெரிவது பொதுவாகக் கிளப்பிய இடத்திலிருந்து உள்ள உயரம். மலைப்பகுதியில் அதை நம்பி இந்த வரம்பைக் கணக்கிட முடியாது.

தலைக்கு மேல் போகும் விமானம்

விமானங்களைக் காட்டும் செயலிகளில் 35,000 அடி என்று வருவது விமானம் தானே ஒலிபரப்பும் அழுத்த உயரம். மேலே எல்லா விமானங்களும் ஆல்டிமீட்டரை அதே 1013.25-க்கு வைத்துப் பறக்கின்றன; அதனால் ஒன்றுக்கொன்று இடைவெளி தவறுவதில்லை. நம் வெப்பமான வானத்தில் டேப் வைத்து அளக்க முடிந்தால் உண்மை உயரம் அதைவிடப் பல நூறு மீட்டர் கூடுதலாக இருக்கும்.

இதையும் நாமே அளக்கலாம், நிலா உதவினால். நிலா நம்மிடமிருந்து தன் விட்டத்தைப் போல 110 மடங்கு தூரத்தில் இருக்கிறது. விமானம் நிலாவுக்கு அருகே கடக்கும்போது இரண்டும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். குறுக்கே கடக்கும் விமானமென்றால் மூக்கிலிருந்து வால்வரை உள்ள நீளத்தையும், உங்களை நோக்கி வருவது அல்லது விலகிப் போவது என்றால் இறக்கை அகலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பஸ் ஏ320-க்கு நீளம் 37.6 மீட்டர், இறக்கை சுமார் 36. படத்தில் இறக்கை அகலம் நிலாவின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்றால், தூரம் 110 × 3 × 36, அதாவது சுமார் 11,900 மீட்டர். இது சாய்வுத் தூரம். உடனே கோணமானியை எடுத்து நிலாவைப் பாருங்கள். 60 டிகிரியில் இருந்தால் சைன் 60 ஆன 0.866-ஆல் பெருக்குங்கள்: சுமார் 10,300 மீட்டர், அடியில் சொன்னால் 34,000-ஐ ஒட்டி. நிலாவைப் பார்க்கும்போது மட்டும் ஸ்ட்ராவுக்குள் கண்ணை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.